பத்தொன்பதாவது கிலோமீட்டர்

ராதாபுரம் சாலையில், காற்றாடிகளுக்குக் கீழே
விடியும் முன் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன்.
என் வேலை, தட்டையானவற்றை எண்ணுவது.

அக்டோபர் மூன்று: ஒன்று. ஆண்.
அக்டோபர் நான்கு: இல்லை.
அக்டோபர் ஐந்து: இரண்டு, ஒன்றின் பக்கத்தில் ஒன்று.
பின்னால் வந்தது ஏன் நின்றது என்பதற்கு
அட்டவணையில் கட்டம் இல்லை.

வண்டிச் சத்தம் கேட்டால் முள்ளெலி ஓடாது.
சுருண்டுகொள்ளும்.
நரிக்கும் கூகைக்கும் சரியாக இருந்த விடை.
லாரி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

உடைமரக் காட்டுக்கும் கடலைக் கொல்லைக்கும் நடுவே
ராத்திரி முழுக்க அது மூக்கால் உழும்.
கரையான், வண்டு,
வேரோடு வேராய்ச் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு.
தேள் கிடைத்தால் அன்று விருந்து.
அது கிளறிய விரற்கடைக் குழிகளில்
முதல் மழை ஒரு சொட்டு கூடுதலாய் நிற்கும்.

"இந்த எலியால என்ன லாவம் தாயி?"
என்றார் பலவேசம் அண்ணாச்சி,
முகத்தில் துண்டு கட்டி
முருங்கைக்கு மருந்தடித்துக்கொண்டே.
"நீங்க இப்பம் செய்யுத வேலைய
முந்தி யாரு செஞ்சா அண்ணாச்சி?"
பம்பை நிறுத்தாமல் சிரித்தார்.
அவருக்கு அடுத்த நிலத்தில் புதர் போய்
மஞ்சள் பூசிய கற்கள் வரிசையாய் நிற்கின்றன,
ஒரு நகரின் பெயர்ப்பலகையோடு.
அந்த நகரில் இன்னும் ஆள் இல்லை. முள்ளெலியும் இல்லை.

நவம்பரில் மழை விட்ட ஒரு ராத்திரி
முப்பிடாதி கதவைத் தட்டினாள்.
தோளில் பிள்ளை. நாலு வயது.
இருமி இருமி உதடு நீலம் பாரித்து.
"முள்ளெலி வளக்கியளாமே.
ரெண்டு முள்ளு போதும்.
சுட்டு, தேன்ல கொழச்சு நாக்குல தடவணும்."
வளர்க்கவில்லை, எண்ணுகிறேன் என்றேன்.
"செத்தது கிடக்கா?"

இல்லை என்றேன்.
ஃப்ரிட்ஜில் இருந்தது, டப்பாவில்,
நாற்பத்தொன்று என்று எண் ஒட்டி.

வள்ளியூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுத்தேன்.
அவள் பேசவில்லை.
இருமல் மட்டும் என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தது.

பத்தொன்பதாவது கிலோமீட்டர் கல்லருகே
விளக்கு வெளிச்சத்தில் ஓர் உருண்டை.
பிரேக். மணல். எப்படியோ விழாமல் நின்றோம்.
பிள்ளையை என் மடியில் திணித்துவிட்டு
அவள் இறங்கிப் போய்க் குந்தினாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.
சொல்ல என்னிடம் என்ன இருந்தது,
ஒரு லத்தீன் பெயரைத் தவிர?

கை நீட்டியவள் அப்படியே இருந்தாள்.
அது மெல்ல விரிந்தது.
முதலில் ஈர மூக்கு. பிறகு காது.
பிறகு இரண்டு மிளகு, அவளைப் பார்த்தபடி.

"மூஞ்சி இருக்கே" என்றாள்.

மாமியார் வீட்டில் அடுப்புக்கு மேலே
ஆணியில் தொங்குமாம் ஒரு தோல்.
ஊரே வந்து பிடுங்கிப் பிடுங்கி
பாதி வழுக்கையாகிவிட்ட தோல்.
அது மூச்சு விடும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.
அது இவ்வளவு சின்னது என்றும்.

முந்தானையை விரித்து அள்ளினாள்.
எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று கேட்டாள்.
தெரியவில்லை என்றேன்.
காற்றை மோந்து பார்ப்பவள் போல் சற்று நின்று
கிழக்கே இறக்கினாள்.

திரும்பி வந்தபோது தலைப்பில் ஒரு முள் தைத்திருந்தது.
அதை எடுத்துச் சேலை நுனியில் முடிந்துகொண்டாள்.
நான் பார்க்கவில்லை.
பார்த்தேன்.

ஊசி ஐந்து நாளைக்கு என்றார்கள்.
ஐந்து நாளும் நான்தான் கூட்டிப் போனேன்.
மூன்றாம் நாளே பிள்ளைக்கு இருமல் இறங்கியது.
எதனால் என்று அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பத்தொன்பதாவது கல் வந்தால்
"மெல்லப் போங்கக்கா" என்பாள் பின்னாலிருந்து.
இருபதுக்கு இறக்குவேன்.
லாரிக்காரன் ஹாரனை அமுக்கி எடுக்கமாட்டான்.
அமுக்கட்டும்.